தொண்ணூத்தொண்ணுல ஒண்ணு

பட்டன்தான் அக்கா. ஒரு சட்டைக்கு ஒம்பது. முன்னாடி ஆறு, ரெண்டு கைக்கும் ஒண்ணு ஒண்ணு, பையில ஒண்ணு. இப்படி உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், செவுத்தோட சாஞ்சு உக்காந்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது. நான் தைச்சுக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சே வராது. ஊசியைப் பாத்துக்கிட்டே சொன்னா ரெண்டு வார்த்தையாவது வெளிய வரும், எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பாத்தேன்னா நாக்கு உள்ள இழுத்துக்கும். ஐயோ, அது வேண்டாம், அதை எடுக்காதீங்க. மடியில இருக்கிற சட்டை வேற. அது தைக்கிறதுக்கு இல்ல. தைக்க வேண்டியதெல்லாம் அந்தக் கூடையில கிடக்கு. இது இங்கயே இருக்கட்டும்.

எங்க அத்தையா? மாமியார்தான். தெருக்குழாய்க்குப் போயிருக்காங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்குத் தண்ணின்னு போர்டுல எழுதிப் போட்டிருக்காங்க. இவங்க ஒம்பது மணிக்கே குடத்தை வரிசையில வெச்சுட்டு, அதுக்குக் காவல் நிக்கிறாங்க. போறப்பவே சொல்லிட்டுத்தான் போனாங்க. ஃபாரம் வெச்சுக்கிட்டு ஒரு அம்மா வீடு வீடா வர்றாங்களாம், என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லி அனுப்பிடு, நீயா எதையாவது உளறி வைக்காதேன்னு. எங்கிட்டப் போய் உளறாதேங்கறாங்க பாருங்க! இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது. முக்குக் கடைக்காரர் நான் ஊமைன்னே ஒரு வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தாராம். சோப்பு வேணுமா, தீப்பெட்டி வேணுமான்னு கையால ஜாடை காட்டுவார். நானும் ஜாடையிலேயே வாங்கிட்டு வந்துடுவேன். அது எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு.

பாப்பா தூங்குது. மெதுவாப் பேசினாப் போதும், முழிச்சுக்காது. ஒன்றரை வயசு தாண்டிடுச்சு அக்கா.

சரி, கேளுங்க. ம். ம். கவர்மென்டை நம்பறீங்களா, அதானே? முழுசா நம்பறேன், ஓரளவுக்கு நம்பறேன், நம்பலை, சொல்லத் தெரியலை. நாலு கட்டம். எப்படித் தெரியும்னா, இதே கேள்வியை இதே வாசல்ல என்கிட்ட ஏற்கெனவே கேட்டிருக்காங்க. நீங்க இல்ல, ஒரு அண்ணன். கழுத்துல அட்டை தொங்க விட்டுக்கிட்டு, பேனாவை ஆட்டிக்கிட்டே பேசுவார். சண்டை ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு மூணு மாசம் இருக்கும். பாப்பா பிறந்து நாப்பது நாள்கூட ஆகலை. தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுத்தான் பதில் சொன்னேன். என் கண்ணும் பாப்பா தலையும் மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

முழுசா நம்பறேன்னு சொன்னேன்.

இல்ல, யாரும் மிரட்டலை. நானாத்தான் சொன்னேன். ஏன்னு கேளுங்க, சொல்றேன். அப்போ போர்டுல செவ்வாய்க்கிழமை ஆறு மணின்னு போட்டா, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் தண்ணி வந்துடும். கடிகாரம் வேண்டாம், குழாய்ல காத்து வர்ற சத்தம் கேட்டா மணி ஆறுன்னு அர்த்தம். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா இன்ன தேதிக்கு வர்றேன்னா அன்னைக்கு ஐஸ் பெட்டியோட வந்து நிப்பாங்க. பிரசவம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலதான் ஆச்சு, தாயும் பிள்ளையும் முழுசா வீடு வந்து சேந்தோம். இதுக்கு மேல நம்பறதுக்கு என்ன அக்கா வேணும்? நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எனக்குத் தெரிஞ்ச கவர்மென்ட்டுன்னா அதுதான். தண்ணி, ஊசி, ஆஸ்பத்திரி.

அப்புறம் அவர் ரெண்டாவது கேள்வி கேட்டார். இப்போ நீங்க சண்டையைத் தொடரலாமான்னு கேக்கப் போறீங்களே, அது மாதிரிதான். நாட்டுக்கு ஆபத்து, சண்டைக்குப் போய்த்தான் ஆகணும்னு கவர்மென்ட் முடிவெடுத்தா நீங்க ஆதரிப்பீங்களான்னு. எனக்கு ஒண்ணும் புரியலை. எந்த நாடு, என்ன சண்டை, யார் மேல தப்பு, எதுவுமே தெரியாது. ஆனா தண்ணியை நேரத்துக்கு விடறவங்க, பச்சைப்பிள்ளைக்குத் தேதி தவறாம ஊசி போடறவங்க, யோசிக்காம ஒண்ணைச் செய்வாங்களான்னு தோணுச்சு. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னேன். அப்போ ஆமான்னு போட்டுக்கறேன்னு சொல்லி அவரே டிக் அடிச்சுக்கிட்டார்.

இன்னொண்ணும் சொல்லணும், சிரிக்கக் கூடாது. ஆமான்னு சொன்னா அவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. இல்லைன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா நான் வாயைத் திறந்து பேசணும், வெளி ஆம்பளைகிட்ட. என்னை மாதிரி கூச்சப்படறவளுக்கு ஆமாங்கறதுதான் அக்கா சுலபம். கதவைச் சாத்திட்டு உள்ள போயிடலாம். அன்னைக்குப் பாப்பாவும் சிணுங்கிக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான். ஒரு தேசம் சண்டைக்குப் போகலாமா வேண்டாமாங்கறதுக்கு நான் பதில் சொன்ன லட்சணம் அது.

நீங்களும் சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிங்க. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். இப்படி இப்படி ஒருத்தர் வந்தார், நம்பறியான்னார், தண்ணி நேரத்துக்கு வருதே, நம்பாம என்னன்னு சொன்னேன்னு. வாய்ல வெச்சது புரையேறிடுச்சு அவருக்கு. அடிப்பாவி, தண்ணி திறந்து விடறது நான்தானேடின்னார்.

ஆமாக்கா. சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அவர்தான் இந்த ஏரியாவுக்கே தண்ணி திறந்து விடறவர். தெருமுனையில ஒரு இரும்பு மூடி இருக்கே, வர்றப்போ பாத்திருப்பீங்க, அதுக்குள்ளதான் வால்வு. ஒரு நீட்டுச் சாவி, இடுப்பு உயரம் இருக்கும், மேல குறுக்குக் கட்டை. ரெண்டு கையாலயும் திருகணும், ஆனா பலம் பூரா வலது கையிலதான் போகும். அவர் வலது உள்ளங்கையைத் தொட்டா செருப்புத் தோல் மாதிரி இருக்கும். பாப்பாவை அந்தக் கையால தொடவே யோசிப்பார், கீறிடுமோன்னு. புறங்கையாலதான் கன்னத்தைத் தடவுவார்.

அவர் திறக்கறதுக்கு ஒரு முறை உண்டு. முதல்ல கால் திருகு. அப்படியே நிப்பாரு. குழாய்ல இருக்கிற காத்தெல்லாம் உஸ்ஸுன்னு போகணும். அப்புறம் இன்னொரு கால் திருகு. அப்புறம்தான் முழுசா. அவசரப்பட்டு ஒரேயடியாத் திறந்தா குழாய் தடதடன்னு அடிச்சுக்கும், கடைசி வீட்டு ஜாயிண்ட் பிச்சுக்கும். எட்டு வருஷத்துல ஒரு ஜாயிண்ட் போனதில்ல. மழை பெஞ்சாலும் சரி, காய்ச்சல்ல கிடந்தாலும் சரி, ஆறு மணின்னா ஆறு மணி. பாப்பா பிறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து சைக்கிள்ல வந்து திறந்துட்டுத் திரும்பிப் போனார்.

அதனாலதான் சொன்னார். நீ கவர்மென்டை நம்பலைடி. என் கையை நம்பியிருக்கே. அதைக் கொண்டுபோய் அவங்க பேர்ல எழுதிக் குடுத்துட்டியேன்னார். விளையாட்டாத்தான் சொன்னார். நானும் விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் டிவியில சொன்னாங்களே, நீங்களும் பாத்திருப்பீங்க. நாடு முழுக்கக் கேட்டுப் பாத்தோம், நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு பேர் கவர்மென்ட் பக்கம் நிக்கறாங்கன்னு. பெரிய எழுத்துல, செவப்புல, திரை பூரா அந்த நம்பர். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, எனக்குப் பெருமையா இருந்துச்சு அக்கா. ஆயுசுல ஒரு தடவை டிவியில வந்துட்டோம்னு. அத்தைகிட்டப் போய், அந்தத் தொண்ணூத்தொண்ணுல நானும் ஒண்ணுன்னேன். பிள்ளை பெத்தவ மாதிரி பேசுடின்னாங்க, ஆனா அவங்களுக்கும் பெருமைதான். சாயங்காலம் வரைக்கும் தெருவுல சொல்லிக்கிட்டிருந்தாங்க, எங்க வீட்டுலயும் வந்து கேட்டாங்க, என் மருமகதான் பதில் சொன்னான்னு.

மாடி வீட்டுல ஒரு வாத்தியார் இருக்கார். இப்போ இஸ்திரி போட்ட சட்டையோட அங்கதான் உக்காந்திருப்பார், அடுத்து நீங்க அங்க போனீங்கன்னா ஒரு மணி நேரம் விடமாட்டார். அன்னைக்கு மேஜையைத் தட்டின தட்டுல எங்க கூரையிலேர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்துச்சு. ஒரு கை பாத்துடணும், ஒரு கை பாத்துடணும்னு. எங்க வீட்டுக்காரர் படியில நின்னுக்கிட்டுக் கேட்டார், வாத்தியாரே, நீங்க என்னைக்குக் கிளம்பறீங்கன்னு. எனக்கு முட்டி வலிப்பா, இல்லைன்னா போயிருப்பேன்னார். அந்த முட்டியோடதான் தினம் ரெண்டு மைல் நடக்கறார்.

மூணு மாசம்னாங்க. மூணே மாசத்துல முடிஞ்சுடும், நம்ம ஆளுங்க வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு. நம்பினேன். அப்புறம் லிஸ்ட் வந்துச்சு. குழாய் வேலை தெரிஞ்சவங்க, கரண்ட் வேலை தெரிஞ்சவங்க, லாரி ஓட்டறவங்க எல்லாம் வரணும்னு. அங்க தண்ணி லைன் போட ஆள் வேணுமாம். முன்னாடி போகமாட்டாங்களாம், பின்னாடியே இருப்பாங்களாம், துப்பாக்கிச் சத்தம்கூடக் கேக்காதாம். ஆபீசர் ஒருத்தர் மைதானத்துல எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னார். அதையும் நம்பினேன். பாப்பா முதல் தடவை குப்புற விழுந்த வாரம் அவர் கிளம்பினார்.

பதினாலு மாசம் ஆச்சு.

ம்? இல்ல, அழலை. நூல் கோக்கறப்போ கண்ணு இப்படித்தான் கலங்கும்.

அவர் போனதுக்கப்புறம் இங்க என்ன நடந்துச்சுன்னா, தண்ணி கெட்டுப் போச்சு. முதல்ல கெட்டது அதுதான். ஒரு புது ஆளைப் போட்டாங்க. அவர் மேலயும் தப்பில்ல, பாவம், நாலு ஏரியாவுக்கு ஒத்தை ஆளா அலையறார். போர்டுல ஆறுன்னு போட்டு எட்டுக்கு விடுவாங்க. செவ்வாய்னு போட்டு வியாழன் வரும். அவசரத்துல ஒரேயடியாத் திறந்துடுவார், தெரு பூராக் குழாய் அடிச்சுக்கும். கடைசி வீட்டு ஜாயிண்ட் மூணு தடவை போயிடுச்சு. தண்ணி வராத நாளெல்லாம் தெருவுல நின்னு பேசுவோம், குடத்தை வெச்சுக்கிட்டு. அங்கதான் அக்கா பேச்சு மாறுச்சு. முன்னாடி எதிரியைத் திட்டிக்கிட்டிருந்தவங்க, மெல்ல மெல்ல, மூணு மாசம்னாங்களே, மூணு மாசம்னாங்களேன்னு ஆரம்பிச்சாங்க. தண்ணிக்கு ஒரு நாள் சொல்லி ஒரு நாள் விடறவன், சண்டைக்கு மட்டும் சொன்ன நாள்ல முடிப்பானான்னு ஒரு அம்மா கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் யாரும் யார் முகத்தையும் பாக்கலை.

எங்க அத்தை மட்டும் மாறலை. டிவியில தினம் ஒரு வார்த்தை சொல்றாங்களே, எல்லாம் திட்டப்படி நடக்குதுன்னு, அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு ஊரைப் பிடிச்சாலும் திட்டப்படி. அதே ஊரை விட்டுட்டு வந்தாலும் திட்டப்படி. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா நான் மனசுக்குள்ள சொல்லிப்பேன், திட்டப்படின்னு. அத்தையைக் குத்தம் சொல்லலை. அவங்க நம்பலைன்னா ராத்திரி தூங்க முடியாது. பெத்த பிள்ளையை அனுப்பி வெச்சுட்டு, அனுப்பச் சொன்னவங்க பொய் சொல்றாங்கன்னு எப்படி நினைக்கறது? அதைவிட நம்பிக்கிட்டே இருக்கறது சுலபம். நான் கூச்சத்துக்கு ஆமான்னேன், அவங்க பயத்துக்கு ஆமாங்கறாங்க. உங்க ஃபாரத்துல ரெண்டுக்கும் ஒரே டிக்தானே?

ஏன் அக்கா பேனாவை மூடிட்டீங்க? திறந்து வெச்சுக்கோங்க. முடியலை இன்னும்.

இந்தச் சட்டை விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பட்டன் வேலை அவர் போனதுக்கப்புறம்தான் எடுத்துக்கிட்டேன். துணி ஏஜெண்ட் ஒருத்தர் திங்கட்கிழமை கட்டாக் கொண்டுவந்து போடுவார், புதன்கிழமை வந்து அதை எடுத்துக்கிட்டு அடுத்த கட்டைப் போட்டுட்டுப் போவார். இந்தத் தெருவுல மட்டும் மூணு பேர் வைக்கிறோம். முதல் நாலு மாசம் எல்லாம் பட்டாளத்துக்குப் போற புதுப் பச்சைச் சட்டை. மொடமொடன்னு இருக்கும், பட்டன் துளைக்குக் காஜா எடுத்து வந்திருக்கும், நாம பட்டன் மட்டும் வைக்கணும். அப்புறம் ஒரு திங்கட்கிழமை வந்த கட்டைப் பிரிச்சா, துவைச்ச சட்டை. சாயம் வெளுத்து, மெத்துன்னு. மருந்து வாசனை. இது என்னண்ணான்னு கேக்கலாம்னு நினைச்சேன், வாய் வரலை. அவரே சொன்னார், பயிற்சி முகாம்ல பசங்க போட்டுக் கிழிச்சதும்மா, ரிப்பேர் பண்ணித் திரும்ப அனுப்பறாங்கன்னு.

நீங்களே பாருங்க. இந்தக் கூடையில இருக்கிறதுல ஒண்ணை எடுத்து விரிச்சுப் பாருங்க. பட்டன் பட்டி ஓரமா, கீழேயிருந்து கழுத்து வரைக்கும் நேர்கோடா ஒரு தையல் ஓடுதா? கிழிஞ்ச துணி நேர்கோடாக் கிழியுமா அக்கா? ஆணியில மாட்டினா ஏழு மாதிரி கிழியும். முள்ளுல மாட்டினா நார் நாராப் போகும். இது கத்திரி. ஒரே வெட்டு. பட்டனைக் கழட்டறதுக்கு நேரம் இல்லாத யாரோ வெட்டினது. பாப்பா பிறந்தப்போ எனக்குத் திடீர்னு ரத்தம் போச்சு, நர்ஸம்மா என் ஜாக்கெட்டை இப்படித்தான் வெட்டினாங்க, கொக்கியைத் தொடவே இல்ல. அதனால எனக்குத் தெரியும். சில சட்டையில இடுப்புக்கிட்ட ஒரு ஒட்டு. சிலதுல முதுகுல. தையல் மிஷின்காரம்மா அழகா ஒட்டுப் போட்டிருக்காங்க, வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது. உள்பக்கம் திருப்பினா எல்லாம் தெரியும்.

அந்த வாரம் டிவியில சொன்னாங்க, நம்ம பக்கம் நாலு பேருக்கு லேசான காயம்னு. என் கட்டுல அறுபத்திரெண்டு சட்டை இருந்துச்சு. நான் ஒருத்தி. ஒரு தெரு.

எண்ணினேன் அக்கா. பட்டன் வைக்கறவ எண்ணாம எப்படி இருப்பா?

யார்கிட்டயும் சொல்லலை. யார்கிட்ட சொல்றது? அத்தைகிட்ட சொல்ல முடியுமா? அவங்களுக்கு மாசாமாசம் பட்டாள ஆபீஸ்லேர்ந்து ஒரு காகிதம் வருது. அச்சடிச்ச கார்டு. நான்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சுக் காட்டணும், மூணு தடவை. உங்கள் வீட்டவர் நலமாகவும் மனத் திடத்துடனும் பணியாற்றி வருகிறார். அதே வரி, ஒரு எழுத்து மாறாது, தேதி மட்டும் பேனாவுல இருக்கும். முதல் ஆறு மாசம் அவரே எழுதின கடுதாசியும் வந்துச்சு. அங்க மண்ணு கெட்டியா இருக்கு, குழாய் போட நாலடி தோண்டினாப் போதும், பாப்பா உக்காந்துட்டாளா, தவழறாளான்னு. அப்புறம் கார்டு மட்டும்தான். நேத்து ஒண்ணு வந்துச்சு. நலமாகவும் மனத் திடத்துடனும். அத்தை அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அலமாரியில வெச்சுட்டு, இன்னைக்குக் குடத்தோட போயிருக்காங்க.

அதான் உங்க ஃபாரத்துக்கு ஆமான்னு சொல்லிடுங்கறாங்க. இல்லைன்னா கார்டு நின்னுடுமோன்னு பயம்.

எனக்குப் பயம் போயிடுச்சு அக்கா. எப்போ போச்சுன்னு கேட்டா, நேத்து மத்தியானம். ஏஜெண்ட் வந்து கட்டை எண்ணினார். ஒண்ணு குறையுதேம்மான்னார். குறையும்னேன். மனுஷன் ஆடிப் போயிட்டார், நான் பேசி அவர் கேட்டதே இல்லையே. என்னம்மா குறையுங்கறே, கணக்கு சொல்லணுமே மேலன்னார். மேல இருக்கிறவங்களும் எனக்கு ஒரு கணக்கு சொல்லணும், அதைச் சொல்லட்டும், நான் சட்டையைக் குடுக்கறேன்னேன். அவர் என்னைப் பாத்தார், என் மடியைப் பாத்தார். கட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். போறப்போ செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டார், வலதை இடதுலயும் இடதை வலதுலயும். வாசல் தாண்டித்தான் தெரிஞ்சிருக்கும்.

எழுதறீங்களா? முதல் கேள்விக்கு என்ன போடறீங்க, நம்பலையா? அது இல்ல அக்கா. அந்தக் கட்டமும் எனக்குப் பத்தாது. நம்பலைன்னு ஒரு டிக் அடிச்சுட்டு நீங்க போயிடுவீங்க, அடுத்த வாரம் டிவியில தொண்ணூத்தொண்ணு இப்போ அறுபது ஆயிடுச்சுன்னு சொல்லி, யாராவது நாலு பேர் உக்காந்து ஏன் குறைஞ்சுதுன்னு விவாதம் பண்ணுவாங்க. நான் சொல்றது இன்னைக்குக் கணக்கு இல்ல. அன்னைக்குச் சொன்னேனே ஒரு ஆமா, அதை எனக்குத் திருப்பிக் குடுக்கணும். பழைய ஃபாரத்தை எடுத்து, என் வீட்டு நம்பரைப் பாத்து, அந்த டிக்கை அழிச்சுடணும். தொண்ணூத்தொண்ணுல ஒண்ணைக் கழிக்கணும். என்னைக் கேட்டுத்தானே கிளம்பினாங்க? இவ்ளோ பேர் எங்க பின்னாடி நிக்கறாங்கன்னு காட்டித்தானே லிஸ்ட் போட்டாங்க? பின்னாடி நின்னவ நான். கதவுக்குப் பின்னாடி. இப்போ முன்னாடி வந்து சொல்றேன், என்னை அதுல சேக்காதீங்க.

அப்படி ஒரு கட்டம் இல்லையா? தெரியும். ஓரத்துல எழுதுங்க. வெள்ளை இடம் நிறைய இருக்கே. பேர், வீட்டு நம்பர் எல்லாம் மேல போகும்னு எச்சரிக்கறீங்க, நல்ல மனசு உங்களுக்கு. போகட்டும். நம்பரைப் பெருசா எழுதுங்க. அவங்க வந்து என்கிட்ட, ஏம்மான்னு கேக்கட்டும். ஏன்னு கேட்டுடுவாங்களேன்னுதானே அன்னைக்குப் பயந்தேன்? இப்போ கேட்டா பதில் இருக்கு. மடியிலேயே இருக்கு.

இந்தச் சட்டைதான்.

திங்கட்கிழமை கட்டுல வந்துச்சு. நடுவுல இருந்துச்சு, முப்பதாவதோ என்னமோ. அஞ்சு பட்டன் போயிருந்துச்சு முன்னாடி, ரெண்டாவது மட்டும் அப்படியே இருக்கு. பாருங்க, இழுத்துப் பாருங்க, வராது. உள்பக்கம் திருப்புங்க. நூல் என்ன நிறம்? நீலம். எந்தத் தொழிற்சாலையிலயும் பச்சைச் சட்டைக்கு நீல நூல் போடமாட்டாங்க அக்கா. மைதானத்துல சட்டை குடுத்தாங்க இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி நாள், அதுல இந்தப் பட்டன் ஆடிக்கிட்டிருந்துச்சு. வீட்டுல பச்சை நூல் இல்ல. பாப்பாவுக்கு ஒரு கவுன் தைச்சுக்கிட்டிருந்தேன், அந்த நூல் ஊசியில இருந்துச்சு, அதையே போட்டு, அடியில நாலு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டேன். அப்புறம்தான் நிறத்தைப் பாத்தேன். ஐயோ, பிரிச்சுட்டு வேற போடறேன்னேன். விடுடி, துணி துவைக்கப் போடறப்போ ஆயிரம் சட்டை ஒரே மாதிரி இருக்கும், என்னோடது எதுன்னு தெரிய ஒரு அடையாளம் இருக்கட்டும்னார்.

தெரிஞ்சுடுச்சு.

மத்தபடி நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்காங்க. நெஞ்சு, முதுகு, காலர் எல்லாம் பழைய துணிதான், வெளுத்திருக்கு. வலது கை மட்டும் புதுசு. தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் மொடமொடன்னு புதுத் துணி. தொட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

இல்ல, எனக்குத் தெரியாது. உசுரோட இருக்காரா, எங்க இருக்கார், எதுவும் தெரியாது. நலமாகவும் மனத் திடத்துடனும்னு நேத்து கார்டு வந்துச்சு, அது மட்டும் தெரியும். நாளைக்குக் காலையில பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, சட்டையையும் கார்டையும் எடுத்துக்கிட்டு கார்டு அனுப்பற அந்த ஆபீசுக்குப் போறேன். ஜன்னலுக்கு உள்ள யார் உக்காந்திருந்தாலும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெப்பேன். பேச்சு வரலைன்னா பட்டன் வெச்சுக்கிட்டே பேசுவேன், ஊசியும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன். அத்தைகிட்ட இன்னைக்குச் சொல்லிடணும். அது ஒண்ணுக்குத்தான் இன்னும் பயம். கவர்மென்ட்டுக்கு இல்ல.

கேக்குதா? தடதடன்னு அடிக்குதே, அதான் குழாய். தண்ணி விட்டுட்டாங்க. மணி என்ன, பன்னெண்டு இருக்குமா? புது ஆளு ஒரேயடியாத் திறந்துட்டார், காத்து போறவரைக்கும் நிக்கத் தெரியாது அவருக்கு. இந்த ஊசியைக் கொஞ்சம் பிடிங்க.

வர்றேன் அத்தை! கேட்டுச்சு, வர்றேன்! ரெண்டாவது குடத்தை நீங்க தூக்காதீங்க, நான் வந்துடறேன்!

போகணும் அக்கா, அவங்களால தனியாத் தூக்க முடியாது. நீங்க எழுதிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க. இந்த வீட்டுக்காரி அன்னைக்கு ஆமான்னு சொன்னது ஒரு கையை நம்பித்தான்னு எழுதுங்க, அந்தக் கையை அவங்கதான் வாங்கிட்டுப் போனாங்க, இப்போ அது எங்க இருக்குன்னு அவங்க எனக்குச் சொல்லணும்னு...